நாற்பதாயிரம் சம்பளத்தில் நாலரை லட்சம் கடனை அடைப்பது எப்படி: இளம் குடும்பங்களுக்கு முழு வழிகாட்டி

2022 ஜூன் மாதம் எங்கள் குடும்பத்தின் மொத்தக் கடன் 4,55,800 ரூபாய். கோவையில் வாடகை வீடு, மகளுக்கு இரண்டு வயது. நானும் மனைவியும் சேர்ந்து கைக்குக் கொண்டுவந்த சம்பளம் 40,000. நிலம் வாங்கியோ வீடு கட்டியோ பட்ட கடன் இல்லை. கல்யாணம், பிரசவத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரி, காதுகுத்து, ஒரு பைக், ஒரு போன், மாசக் கடைசியில் தேய்த்த கார்டு என்று நாலு வருஷத்தில் சேர்ந்தது. 2024 அக்டோபரில் கடைசித் தவணையைக் கட்டினோம். இடையில் சம்பளம் சொல்லும்படி ஏறவில்லை.

கடனில் இருப்பவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்வது "வெளியில் டீ குடிக்காதே, சினிமாவுக்குப் போகாதே" என்பதுதான். நாங்களும் அங்கேதான் ஆரம்பித்தோம். மூன்று மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியும் கடன் ஒரு ரூபாய் குறையவில்லை. முதலில் வட்டி, அடுத்து வாடகை, கடைசியில்தான் அடுப்படி. இந்த வரிசை பிடிபட்ட பிறகுதான் கடன் அசையத் தொடங்கியது. குறைத்த பணத்தைச் சம்பளம் வந்த அன்றைக்கே கடனுக்கு அனுப்பிவிட வேண்டும். மாசக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று வைத்தால் ஒருநாளும் மிஞ்சாது.

முதல் நாள்: எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கணவன், மனைவி இருவரும் உட்கார்ந்து எழுத வேண்டும். இதைத் தனியாகச் செய்தால் பயனில்லை. எனக்கு மனைவிக்குத் தெரியாத ஒரு கடன் இருந்தது, அவளுக்கு எனக்குத் தெரியாத ஒன்று. அன்று இரவு கொஞ்சம் சண்டையும் வந்தது. வந்தால் வரட்டும், அந்தத் தாள் இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

ஒவ்வொரு கடனுக்கும் பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், வருஷ வட்டி எத்தனை சதவீதம் என்று மூன்று எண்கள் வேண்டும். எங்கள் தாள் இதுதான்:

கிரெடிட் கார்டு: 86,000. மாதம் 3.5 சதவீதம், வருஷத்துக்கு 42.
பர்சனல் லோன்: 1,40,000. 16 சதவீதம். தவணை 5,700, இன்னும் 30 மாதம்.
அடகுக் கடையில் ஐந்தரைப் பவுன்: அசல் 1,20,000, கட்டாமல் விட்ட எட்டு மாத வட்டி 19,200.
பைக்: 33,000. தவணை 3,200, இன்னும் 11.
போன்: 7,600. தவணை 1,900, இன்னும் 4.
மாமனாரிடம் கைமாற்று: 50,000. வட்டி இல்லை.

அடகுக் கடையில் "ரெண்டு வட்டிதான்" என்பார்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். காதில் விழும்போது பர்சனல் லோனின் 16-ஐவிடச் சின்னதாகத் தெரியும். அதனால்தான் எல்லாவற்றையும் வருஷ சதவீதமாக மாற்றி எழுதச் சொல்கிறேன். மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கினால் போதும்.

மறந்துபோன கடன் ஏதாவது இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் உங்கள் பெயரில் உள்ள கடன்களின் பதிவான கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். அதைத் தயாரிக்கும் சிபில் உள்ளிட்ட ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

ஒரு மாதம் செலவுக் கணக்கு

முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்றை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தோம். யுபிஐ வந்த பிறகு பத்தும் இருபதும் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை போனில் பழைய கணக்கைப் பார்த்து நோட்டில் சேர்த்துக்கொள்வோம்.

எங்களுக்கு வந்த கணக்கு: மளிகை 4,200, பால் 1,500, காய் பழம் 1,800, கறி மீன் 1,400, ஓட்டல் மற்றும் ஆர்டர் சாப்பாடு 3,200, பெட்ரோல் 2,400, கேஸும் கரண்டும் 1,600, போனும் நெட்டும் 1,300, குழந்தைக்கு 1,500, மொய் 1,500. ஆக 20,400. வாடகை 8,500. கார்டுக்குக் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை (மினிமம்) 4,300 உட்படத் தவணைகள் 15,100. மூன்றையும் கூட்டினால் 44,000. வரவு 40,000. மாதம் 4,000 துண்டு விழுந்தது, அதைக் கார்டில் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

வட்டியைக் குறைத்துவிடுங்கள்

முதலில் கார்டு. மினிமம் கட்டினால் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 86,000-க்கு ஒரு மாத வட்டி 3,010. வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 542. இரண்டும் சேர்ந்து 3,552. நான் கட்டிய மினிமம் 4,300. அசலில் குறைந்தது வெறும் 748 ரூபாய். அதே மாதம் புதிதாக 4,000 தேய்த்தால் கடன் ஏறத்தான் செய்யும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பாக்கியை முழுதாகக் கட்டாதவரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டை வைத்து ஏடிஎம்மில் பணம் எடுத்தால் எப்போதுமே முதல் நாளிலிருந்து வட்டிதான்.

கார்டைத் தூக்கிப் பீரோவில் வைத்தோம். போனில் ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருந்த கார்டு எண்ணையும் அழித்தோம். அழிக்காவிட்டால் பீரோவில் வைத்து என்ன பயன்? பிறகு கார்டு கொடுத்த வங்கிக்கு போன் செய்து பாக்கியை ஈஎம்ஐயாக மாற்றக் கேட்டேன். 24 மாதம், 18 சதவீதம் என்றார்கள். 42 எங்கே, 18 எங்கே! இதைப் பெரும்பாலான வங்கிகள் செய்துதருகின்றன, கேட்காதவர்களுக்குத் தானாக வந்து சொல்வதில்லை. பிராசசிங் கட்டணம் எவ்வளவு, இடையில் முடித்தால் என்ன பிடிப்பீர்கள் என்ற இரண்டையும் சம்மதம் சொல்லும் முன் கேளுங்கள்.

அடுத்தது நகை. அடகுக் கடையிலிருந்து மீட்டு வங்கியில் வைத்தோம். 24 சதவீதம் ஒன்பதரை ஆனது. 1,40,000-க்கு மாத வட்டி சுமார் 1,110. இதில் சிக்கல் ஒன்றே ஒன்று: நகையைக் கடையிலிருந்து மீட்க முதலில் பணம் வேண்டும், வங்கி தருவதோ நகையைப் பார்த்த பிறகு. அந்த அரை நாளைக்கு என் பெரியப்பா மகன் பணம் கொடுத்து உதவினான். காலை பத்து மணிக்கு வாங்கிய பணத்தை மதியம் மூன்று மணிக்குத் திருப்பிக் கொடுத்தேன். போவதற்கு முதல் நாளே வங்கியில் நகை மதிப்பீட்டாளர் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல் எடையைக் கழித்துத்தான் மதிப்புப் போடுவார்கள். நகை முழுவதையும் ஒரே கடனாக வைக்காமல் இரண்டு மூன்று கடனாகப் பிரித்து வையுங்கள். கையில் கொஞ்சம் பணம் சேரும்போது ஒரு சங்கிலியையாவது வெளியே எடுக்கலாம். எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தவர் வரிசையில் நின்றிருந்த ஒரு அக்கா. வங்கி நகைக் கடனைக் குறித்த தேதிக்குள் மீட்காமலோ திருப்பி வைக்காமலோ விட்டால் நகை ஏலத்துக்குப் போகும், தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

நகை அடகில் இருக்கும்போதே இன்னொரு பக்கம் நகைக் கடையில் மாதம் ஆயிரம் நகைச் சீட்டு கட்டும் குடும்பங்கள் எத்தனையோ. ஆர்டியும் அப்படித்தான். ஏழு சதவீதம் வரும் இடத்தில் போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டு சதவீதம் போகும் இடத்தை விட்டுவைக்கிறோம். கடன் முடியும்வரை புதுச் சீட்டு எதிலும் சேராதீர்கள். ஓடிக்கொண்டிருப்பதை என்ன செய்வது என்பதற்கு, நடுவில் நிறுத்தினால் எவ்வளவு இழப்பு என்று கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, கைமாற்று. வட்டி இல்லை என்பதற்காக வாய் திறக்காமல் இருப்பது தப்பு. நான் போய் உட்கார்ந்து, "மாமா, கார்டு பெரிய வட்டியில ஓடுதுங்க. அதை முடிச்சுட்டு உங்களுக்குக் குடுக்கறேன், ஒரு வருசம் டைம் குடுங்க" என்றேன். "இதைச் சொல்றதுக்கா இத்தனை நாள் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனீங்க மாப்பிள்ளை?" என்றார். ஒரு தேதி சொல்லி, அந்தத் தேதியைக் காப்பாற்றினால் உறவு கெடாது.

கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கலாமா? வட்டி பாதியாகக் குறைந்து, பழைய கடன் அன்றைக்கே முழுதாக முடியும் என்றால் மட்டும் வாங்கலாம். "டாப் அப் லோன் ரெடியா இருக்கு சார்" என்று வரும் போனுக்கு வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனில் உள்ள எண்களை எல்லாம் படிக்க அனுமதி கேட்கும் லோன் ஆப்பைத் தொடவே தொடாதீர்கள். மகளிர் குழு லோன் இருக்கும் வீட்டில் இன்னொரு குழுவில் சேர்ந்து இதை அடைப்பது வழக்கமாகிவிட்டது, அது வாரத் தவணையை இரட்டிப்பாக்குமே தவிர அடைக்காது. ரன் வட்டி, மீட்டர் வட்டி என்று ஏறிக்கொண்டே போகும் கொள்ளை வட்டி கேட்டு மிரட்டுகிறவர்கள் மேல் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம்.

வாடகை

இது பலருக்குப் பிடிக்காத அறிவுரை. எங்களுக்கும் பிடிக்கவில்லை. மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீட்டில் இருந்தோம், ஒரு அறையில் துணி மட்டும்தான் கிடந்தது. இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி 6,500 ரூபாய்க்கு ஒரு பெட்ரூம் வீடு பிடித்தோம். மாதம் 2,000 மிச்சம். அதைவிடப் பெரிய விஷயம் அட்வான்ஸ். பழைய வீட்டில் கொடுத்தது 60,000, புது வீட்டுக்கு 30,000. பழைய வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். வண்டிக் கூலி எல்லாம் போக 20,000 கையில் நின்றது. அன்று சாயங்காலமே கார்டுக்குக் கட்டினேன். 86,000 என்பது 66,000 ஆகி, அதைத்தான் ஈஎம்ஐயாக மாற்றினோம். மாதம் 3,295, வட்டிக்கு ஜிஎஸ்டி தனி. நாம் கொடுத்து மறந்துபோன அட்வான்ஸ், வட்டியே இல்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கும் நம் பணம்.

வீடு பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: கரண்டுக்குத் தனி சர்வீஸா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து பிரித்த சப்மீட்டரா? தனி சர்வீஸ் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வரும். சப்மீட்டர் போட்டு யூனிட்டுக்கு ஏழு, எட்டு என்று வாங்கும் வீட்டில் அது வராது. தனி சர்வீஸ் இருந்தாலும் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் கட்டணம் ஒரேயடியாக ஏறும்.

அடுப்படியும் அன்றாடமும்

எங்களுக்கு அதிகம் மிஞ்சிய இடம் ஆர்டர் சாப்பாடு. 3,200-லிருந்து 600 ஆனது. ஆசையை அடக்கி இதைச் சாதிக்கவில்லை. இருவரும் வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீட்டுக்கு வருகிறோம், குழந்தை பசிக்கு அழுகிறது, கை தானாக ஆப்பைத் திறக்கும். அந்த ஏழரை மணிக்கு வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஞாயிறும் புதனும் மாவு ஆட்டினோம். ஃப்ரிட்ஜில் மாவும், டப்பாவில் பருப்புப் பொடியும், புளிக்காய்ச்சலும் இருந்தால் இருபது நிமிஷத்தில் சாப்பாடு. ரேஷன் புழுங்கல் அரிசி இட்லிக்கு நன்றாகவே வரும், உளுந்து மட்டும் நல்லதாக வாங்குங்கள். மாவு ஆட்டுவது என் வேலை, பாத்திரமும் என் வேலை. சிக்கனத்தின் சுமை முழுவதையும் மனைவி தலையில் கட்டினால் இரண்டாவது மாதமே எல்லாம் நின்றுபோகும்.

ரேஷன் கார்டு இருந்தும் "யாரு போய் வரிசைல நிக்கறது" என்று விட்டிருந்தோம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25, அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். வெளியில் இதே பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். மளிகையில் மாதம் 900 குறைந்தது. கல்யாணம் ஆகியும் பெயர் இன்னும் பெற்றோர் கார்டிலேயே இருந்தால் நீக்கிப் புதுக் கார்டுக்கு இன்றே விண்ணப்பியுங்கள்.

காய்க்கு உழவர் சந்தை. சனிக்கிழமை காலையில் போய் வாரத்துக்கு வாங்கினோம். விலைப் பலகையில் எழுதியிருப்பதால் பேரம் வேண்டாம். பெட்ரோலில் 800 குறைந்ததற்குக் காரணம் டவுன் பஸ். 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. தினமும் மனைவியை நான் வேலைக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, பஸ்ஸே சும்மா போகுது, நீங்க எதுக்கு ரெண்டு தடவை வண்டிய எடுக்கறீங்க?" என்று அவளே கேட்டாள். போனும் நெட்டும் ஓடிடியும் சேர்ந்து 600 குறைந்தது. காயில் 500, கரண்டில் 300, குழந்தைச் செலவில் 500. இரவுக்கு மட்டும் டயப்பர், பகலில் துணி.

சலுகைகளைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். குழந்தைக்குத் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தனியாரில் அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தோம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், மற்றத் தகுதிகளும் சரியாக இருந்தால், 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வரும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மருந்தை மலிவாக விற்கும் மக்கள் மருந்தகமோ, 2025-இல் திறந்த முதல்வர் மருந்தகமோ பக்கத்தில் எங்கே என்று பாருங்கள்.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. குழந்தையின் பால், முட்டை, பழம். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம். இரண்டு பேரின் வருமானத்தை நம்பி இருக்கும் வீட்டில், ஒருவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் டெர்ம் இன்சூரன்ஸ். ஒரே ஒரு ஆஸ்பத்திரிச் செலவு இரண்டு வருஷச் சிக்கனத்தை ஒரு வாரத்தில் தின்றுவிடும்.

மொய்

இதைத் தனியாகப் பேசியே ஆக வேண்டும். வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே மாதத்தில் ஐந்து பத்திரிகை வரும். மொய் என்பது ஒருவகையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். ஆகவே எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்தோம். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பார்த்து, வைத்ததைக் குறையாமல் திருப்பி வைத்தோம், கூட்டி வைக்கவில்லை. நோட்டில் பெயரில்லாத தூரத்துச் சொந்தத்துக்கு ஒருவர் மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு 200 ரூபாய். ஒவ்வொரு விசேஷத்துக்கும் புதுப் புடவை என்பதை நிறுத்தினோம். தாய்மாமன் சீர் மட்டும் எனக்குச் சங்கடமாக இருந்தது. அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன்: "இப்பக் கையில இல்லக்கா. வட்டிக்கு வாங்கிச் செஞ்சா நிறைவா இருக்காது." அவள் கோபித்துக்கொண்டது ஒரு வாரம். பிறகு அவளே தன் வீட்டுக் கடனைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தாள்.

மிஞ்சியதை எங்கே போடுவது

மொய்யையும் சேர்த்து அன்றாடச் செலவில் 6,700 குறைந்ததில் 4,000 துண்டை அடைக்கவே போனது. மிச்சம் 2,700, வாடகையில் 2,000, கார்டுத் தவணை குறைந்ததில் சுமார் 800. அதிலிருந்து வங்கி நகைக் கடன் வட்டியைக் கழித்தால் மாதம் கிட்டத்தட்ட 4,400 கையில் நின்றது. சம்பளம் வரும் 3-ஆம் தேதி காலையில் இது தானாக வேறொரு வங்கிக் கணக்குக்குப் போகும்படி வைத்தேன். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை, யுபிஐயும் இணைக்கவில்லை.

முதல் 10,000 அவசரத்துக்கு. அது இல்லாமல் கடனை அடைக்கத் தொடங்கினால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்று மறுபடி கார்டுதான்.

அதன் பிறகு வட்டி அதிகமான கடன் முதலில். சின்னக் கடனை முதலில் முடித்தால் தெம்பு வரும் என்று சிலர் சொல்வார்கள். தெம்பு தேவைதான், எங்களுக்கு நான்காவது மாதம் போன் தவணை தானாக முடிந்ததில் அது கிடைத்தது. முடிந்த 1,900-ஐச் செலவில் கலக்கவிடாமல் மறு மாதமே அதே கணக்குக்குத் திருப்பினோம். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு தவணை முடிந்ததும் "கொஞ்சம் மூச்சு விடலாம்" என்று புது டிவிக்குத் தவணை போடுவார்கள். பத்தாவது மாதம் சேர்த்த பணத்தை வைத்துக் கார்டு ஈஎம்ஐயை முடித்தேன். முன்கூட்டி முடித்ததற்குச் சுமார் 1,500 பிடித்தார்கள், மிச்ச வட்டியைவிட அது குறைவு. பதினொன்றாவது மாதத்தோடு பைக் முடிந்தது. அதற்கு மேல் மாதம் 13,000 அடைக்க முடிந்தது. இங்கே மட்டும் வட்டி வரிசையை மாற்றினோம்: சொன்ன தேதியில் மாமனாருக்குக் கொடுத்தோம், பிறகு ஏலத் தேதி உள்ள நகைகளை ஒவ்வொன்றாக மீட்டோம். கடைசியில் பர்சனல் லோன்.

நடுவில் ஒரு மாதம் மகளுக்கு டெங்கு. அவசரப் பணம் முழுதும் போய், இன்னும் ஆறாயிரம் செலவானது. அந்த மாதம் தவணைகளை மட்டும் கட்டினோம், மறு மாதம் முதல் வேலையாகப் பத்தாயிரத்தை மறுபடி சேர்த்தோம்.

தவணை கட்டவே முடியாத நிலை வந்தால்

ஓடி ஒளியாதீர்கள். தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்க வழி இருக்கும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, சொந்தக்காரர்களையும் ஆபீஸையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஒரு நிறுவனத்தின் ஆள் என் ஆபீஸ் எண்ணுக்கே கூப்பிட்டபோது, தேதி, நேரம், பேசியது எல்லாம் எழுதி வைத்து அந்த நிறுவனத்துக்கே மெயில் அனுப்பினேன். அழைப்பு நின்றது. புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. லோன் ஆப் ஆட்கள் படத்தை மாற்றி மிரட்டினால் பணம் அனுப்பாமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

"செட்டில்மென்ட்" என்று பாதித் தொகைக்கு முடிக்கச் சொன்னால் யோசியுங்கள். ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை ஏறினால் பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது தடையாக நிற்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

ஒவ்வொரு கடன் முடியும்போதும் பாக்கி இல்லை என்ற நோ டியூ சர்டிபிகேட் கேட்டு வாங்குங்கள். பைக் கடனுக்கு, ஆட்சேபம் இல்லை என்ற கடிதமான என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி ஆர்டிஓவில் ஆர்சியிலிருந்து வங்கிப் பெயரை நீக்க வேண்டும். நான் ஏழு மாதம் தள்ளிப்போட்டு, பிறகு மறுபடி என்ஓசி வாங்க அலைந்தேன். இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்து, கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

2024 நவம்பர் 3-ஆம் தேதி கட்டக் கடன் எதுவும் இல்லை. அந்தத் தானியங்கி ஏற்பாட்டை நிறுத்தவில்லை. அதே தேதியில் அதே 13,000, ஆறு மாதச் சம்பளம் சேரும்வரை, ஆர்டிக்குப் போகிறது.